கோட்டுக்குக் கீழே எழுதியது

1

எங்கள் வீட்டிலிருந்து நூலகத்துக்கு ஐந்து நிமிட நடை. சனிக்கிழமை காலையில் துணியை இயந்திரத்தில் போட்டுவிட்டு நானும் என் மகள் இனியாவும் அங்கே போய்விடுவோம். அவளுக்கு ஒன்பது வயது. நியூசிலாந்தில், இந்த ஆக்லாந்து நகரத்திலேயே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அவசரமாக ஏதாவது வேண்டுமென்றால் மட்டும் அவளுக்குத் தமிழ் வரும்.

போன மாதம் நூலகக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. செலவைக் குறைப்பதற்காக இனிமேல் சனிக்கிழமைகளில் திறக்கமாட்டார்களாம். அன்றைக்கு வருகிறவர்கள் மிகக் குறைவு, எண்ணிப் பார்த்துவிட்டோம் என்று நகர மன்றம் காரணம் எழுதியிருந்தது.

அங்கே புத்தகம் அடுக்குகிற லோசா சமோவாத் தீவுக்காரர். இனியாவை மடியில் வைத்துக் கதை படித்துக் காட்டியவர். அவர் என்னை அலமாரிக்குப் பின்னால் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னார். எண்ணிய வாரம் உள்ளே சுவருக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்களாம். பாதி நேரம் கதவே பூட்டியிருந்ததாம். "நான் சொன்னதாக யாரிடமும் சொல்லிவிடாதே. என் வேலை போய்விடும்" என்றார்.

நகர மன்றத்தில் எதிர்த்தரப்பு உறுப்பினரான ஒரு அம்மாள், இந்தச் செலவுக் குறைப்பைப் பற்றிக் கூட்டத்தில் கேள்வி கேட்கப்போவதாகவும், மக்கள் தங்களுக்குத் தெரிந்ததை எழுதி அனுப்பலாம் என்றும் இணையத்தில் ஒரு படிவம் வைத்திருந்தார். நான் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். "மதிப்பிற்குரிய உறுப்பினர் அவர்களின் சமூகத்திற்கு, பணிவான வணக்கத்துடன்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்ததைப் பார்த்து இனியா சிரித்தாள். இங்கே யாரும் இப்படி எழுதமாட்டார்களாம். ஹலோ போட்டுப் பெயரைச் சொன்னால் போதுமாம். மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் தோசைக்கல்லைப் பார்க்கப் போனேன்.

திரும்பி வந்தபோது, 'இது உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்ற கட்டத்தில் அவள் எழுதி முடித்திருந்தாள். 'நூலகத்தில் வேலை செய்யும் லோசா என் அம்மாவிடம் சொன்னார்.'

அனுப்புகிற பொத்தானை நோக்கி அவள் விரல் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கையின் மேல் நான் ஓங்கி அடித்தேன். அதுவரை அவளை நான் அடித்ததில்லை.

அவள் அழவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பிறகு தமிழில் கேட்டாள். "லோசா சொன்னதுதானே? உண்மையை எழுதணும்னு நீதானே சொல்லுவ?"

இந்தக் குறிப்பை எழுத அந்தச் சனிக்கிழமைதான் காரணம்.

2

என் ஊர் கெடாருக்குப் பக்கம். தென்னார்க்காடு பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமான வருஷம் நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குக் கைநாட்டு. எங்கள் நிலத்துப் பட்டாவில் பெயர் தவறாக இருந்ததைத் திருத்த அவர் தாலுக்கா ஆபீசுக்கு நடையாய் நடந்தார். வாசலில் மனு எழுதித் தருகிறவர் ஏதோ எழுதுவார், அப்பா கட்டை விரலை வைப்பார், ஒன்றும் நடக்காது. எட்டாவது முழுப்பரீட்சை லீவில் அந்த மனுவை நான் எழுதினேன். மூன்றாம் மாதம் பெயர் திருத்தி வந்தது. அதற்கு நான்தான் காரணமா என்பது இன்றுவரை தெரியாது. ஆனால் ஊரே அப்படித்தான் சொன்னது. நானும் நம்பினேன். அன்றிலிருந்து எழுத்து என்றால் எனக்கு ஒரு திமிர்.

விழுப்புரத்தில் பி.ஏ. முடித்து, தட்டச்சில் ஹையர் பாஸ் பண்ணிய கையோடு, திண்டிவனத்தில் ஒரு எம்.எல்.ஏ.வின் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். அவர் அப்போது எதிர்க்கட்சி. பெயரும் தொகுதியும் வேண்டாம். அவர் இன்று உயிரோடு இல்லை. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர், நல்ல மனுஷர். சட்டமன்றத்தில் எழுந்தால் பயமில்லாமல் கேட்பார். ஆனால் எழுதி வைத்திருந்தால்தான் கேட்பார். எழுதுவது நான்.

அமைச்சருக்கான கேள்விக்கு ஒரு அச்சு உண்டு. 'மாண்புமிகு அமைச்சர் அவர்கள் கீழ்க்கண்டவற்றைத் தெரிவிப்பார்களா?' என்று தொடங்கி (அ), (ஆ), (இ) என்று பிரித்துக் கேட்க வேண்டும். பதிலும் அதே வரிசையில் வரும். (அ) ஆம். (ஆ) இல்லை. (இ) கேள்வி எழவில்லை. அந்தப் பதில்களைப் படித்துப் படித்து எனக்கு ஒன்று புரிந்தது. அவற்றில் பொய் இருக்காது. ஒவ்வொரு வரியும் உண்மையாக இருக்கும். எல்லாம் சேர்ந்து பொய்யாக இருக்கும்.

பதில் வந்த பிறகு சபையில் துணைக்கேள்வி கேட்கலாம். அதற்குத்தான் அட்டை. எம்.எல்.ஏ.வுக்கு வாரம் முப்பது நாற்பது கல்யாணப் பத்திரிகைகள் வரும். வெறும் தாளைப் பிடித்தால் அவர் கை நடுங்குவது மைக்கில் சரசரவென்று கேட்கும்.

"மலரு, பத்திரிகையத் தூக்கிப் போடாதம்மா. அட்ட கெட்டியா கீது. புடிச்சா நின்னுக்குது" என்பார்.

நான் பத்திரிகையைப் பாதியாக வெட்டி, அச்சில்லாத பக்கத்தில் கொட்டை எழுத்தில் கேள்வியை எழுதுவேன். அதன் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே இருப்பது சபையில் படிக்க. கீழே இருப்பது அவர் தெரிந்துகொள்வதற்கு மட்டும். எந்த அதிகாரி, எந்த வருஷம், யார் சொன்னது என்பதெல்லாம் அங்கே இருக்கும். நான் ஏற்படுத்திய ஏற்பாடு அது. அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

3

கெடாரிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு சின்ன ஊர். அங்கே துணை சுகாதார நிலையத்துக்குப் புதுக் கட்டடம் கட்டியிருந்தார்கள். வெள்ளை அடித்து, பெயர் எழுதி, கல்வெட்டும் வைத்தாயிற்று. ஆனால் தண்ணீர் இல்லை. போர் போட்ட குழாயின் வாயை ஒரு தேங்காய் மட்டையால் மூடி வைத்திருந்தார்கள். மோட்டார் வரவில்லை. பிரசவத்துக்கு வருகிற பெண்கள் வீட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவர வேண்டும்.

இதைப் பற்றி நான் எழுதிய கேள்விக்கு அமைச்சர் தரப்பிலிருந்து வரப்போகும் பதில் எங்களுக்கு முன்பே தெரிந்துவிட்டது. 'மோட்டார் பொருத்தப்பட்டு, பதிவேட்டில் வரவு வைக்கப்பட்டுள்ளது.' அதை உடைக்க ஏதாவது கிடைக்குமா என்று நான் ஒரு நாள் அந்த ஊருக்குப் பஸ் ஏறினேன்.

அங்கிருந்த கிராம சுகாதாரச் செவிலியரை ஊரில் நர்சம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கும் அப்படியே எழுதுகிறேன். காரணம் பின்னால் வரும். நாற்பது வயதிருக்கும். விழுப்புரத்தில் வீடு. மகன் அந்த வருஷம் பத்தாவது. கூடமாட வேலை செய்ய அஞ்சலை என்று ஒரு அம்மாள் இருந்தார். கூட்டித் துடைப்பார், ஊசியைக் கொதிக்க வைப்பார், வலி எடுத்த பெண்ணின் இடுப்பைப் பிடித்துவிடுவார். நான் போனபோது வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, அவித்துக்கொண்டிருந்தார்.

"எம்.எல்.ஏ. ஆபீசு பாப்பாவா? உக்காரு. சூடா கீது, ஊதித் துன்னு" என்று ஒரு தட்டு நிறையக் கொடுத்தார்.

நர்சம்மா முதலில் பேசவே இல்லை. பிறகு என்ன நினைத்தாரோ, பீரோவைத் திறந்து இருப்புப் பதிவேட்டை எடுத்தார். மோட்டார் பெற்றுக்கொண்டதாக ஒரு வரி இருந்தது. அவருடைய கையெழுத்தும் இருந்தது. பக்கத்தில், ஓரத்தில், பென்சிலால் பொடி எழுத்தில், 'மோட்டார் வரவில்லை' என்று எழுதி அன்றைய தேதியும் போட்டிருந்தார்.

"மூணு மாசம் போடமாட்டேன்னு உக்காந்துக்கினு இருந்தேன். மேலேர்ந்து ஆளு வந்து போட வச்சிட்டாங்க. மனசு கேக்கல. அதான் பென்சில்ல எழுதி வச்சேன்" என்றார்.

அஞ்சலை அடுப்படியிலிருந்து, "அத யாரு படிக்கப் போறா நர்சம்மா? நான் பாத்தா கூட எறும்பு ஊர்ற மாதிரிதான் கீது" என்று சிரித்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

நான் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டேன். கிளம்பும்போது நர்சம்மா என் கையைப் பிடித்தார்.

"மலரு, என் பேரு எங்கியும் வரக்கூடாது. பையன் பத்தாவது."

"சத்தியமா வராதுக்கா" என்றேன்.

4

கேள்வி சபைக்கு வருகிற நாளன்று பார்வையாளர் அனுமதிச் சீட்டு வாங்கித் தந்து என்னையும் சென்னைக்குக் கூட்டிப்போனார் எம்.எல்.ஏ. அந்த மாடத்தில் கை தட்டக் கூடாது, பேசக் கூடாது, காலை மடக்கி உட்காரக் கூடாது. நான் புதுச் சேலை கட்டிக்கொண்டு, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கைநாட்டு வைத்தவரின் மகள் எழுதிய கேள்விக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்லப் போகிறார். அதுதான் மனம் முழுக்க.

அந்த அட்டையை முந்தின நாள் மூன்று முறை எழுதிக் கிழித்திருந்தேன். நான்காவது அட்டையில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இப்படி எழுதினேன்: 'ஆதாரம்: இருப்புப் பதிவேடு, பக்க எண், ஓரத்தில் பென்சில் குறிப்பு. நேரில் காட்டியவர்:' அடுத்து நர்சம்மாவின் முழுப்பெயர்.

பெயர் அங்கே தேவையே இல்லை. பக்க எண் போதும். இத்தனை வருஷம் கழித்தும், ஏன் எழுதினேன் என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். நான் ஆபீசில் உட்கார்ந்து கற்பனை செய்யவில்லை, நேரில் போய், ஆளைப் பிடித்து, பேச வைத்து வந்திருக்கிறேன் என்று எம்.எல்.ஏ.வுக்குத் தெரிய வேண்டும். இருபத்தொரு வயதில் எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. வேறு காரணம் இல்லை.

அமைச்சர் எதிர்பார்த்த பதிலையே சொன்னார். எம்.எல்.ஏ. எழுந்து கோட்டுக்கு மேலே இருந்ததைப் படித்தார். மோட்டார் வராமலே, வந்ததாகப் பதிவேட்டில் எழுதியிருக்கிறதே, அந்தச் செலவு யாருக்குப் போயிற்று? அமைச்சர் சிரித்துக்கொண்டே, உறுப்பினர் தெருவில் கேட்டதைச் சபையில் பேசக் கூடாது, ஆதாரம் இருக்கிறதா, இருந்தால் சொல்லட்டும் என்றார். ஆளும் வரிசையில் மேசையைத் தட்டினார்கள்.

மேலிருந்து எனக்கு எம்.எல்.ஏ.வின் முதுகும் கையும்தான் தெரிந்தன. அட்டையின் மேல் அவருடைய கட்டை விரல் கீழே இறங்கியது. சிவப்புக் கோட்டைத் தாண்டியது.

அவர் ஒன்றையும் விடவில்லை. பக்க எண், பென்சில் குறிப்பு, பெயர், எல்லாவற்றையும் மைக்கில் நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

அமைச்சர் திரும்பி அதிகாரிகள் உட்காரும் பக்கம் பார்த்தார். அங்கிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. விசாரித்து நடவடிக்கை எடுக்கப்படும் என்றார். எதிர்வரிசை மேசைகள் இடி மாதிரி ஒலித்தன.

இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுத வேண்டும். அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷம். நர்சம்மாவின் முகம் நினைவுக்கு வர, படியிறங்கி வெளியே வெயிலுக்கு வரும் நேரம் ஆயிற்று.

திரும்பி வரும் வழியில் காரில் கேட்டேன். "கோட்டுக்குக் கீழ இருந்தத ஏங்கய்யா படிச்சீங்க?"

"ஆதாரம் எங்கன்னு கேட்டான். கையில இருந்துச்சி, படிச்சிட்டேன்" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, கோபமே இல்லாமல் சொன்னார். "நீ எழுதாம இருந்தா நான் எங்கேர்ந்தும்மா படிச்சிருப்பேன்?"

5

இரண்டே வாரத்தில் மோட்டார் வந்தது. தண்ணீர் கொட்டியது. ஊரில் எம்.எல்.ஏ.வுக்கு மாலை போட்டார்கள். "எல்லாம் இந்தப் பொண்ணு எழுதின கேள்வி" என்று அவர் என்னை முன்னால் இழுத்து நிறுத்தினார். எனக்கும் ஒரு மாலை விழுந்தது.

அதற்கு முன்பே நர்சம்மாவுக்கு, ஒழுங்கு நடவடிக்கைக்கான 17 பி மெமோ வந்துவிட்டது. அலுவலகப் பதிவேட்டை வெளியாளிடம் காட்டினார் என்று குற்றச்சாட்டு. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுத்து எழுதினார் என்று இன்னொன்று. மாவட்டத்தின் மறுகோடியில், மலைமேல் ஒரு ஊருக்கு மாற்றல். நாளுக்கு இரண்டு பஸ். மகனைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

மலைக்குப் போவதற்கு முந்தின நாள் அவர் திண்டிவனத்துக்கு, எங்கள் ஆபீசுக்கு வந்தார். எம்.எல்.ஏ. சென்னையில் இருந்தார். நான் மட்டும்தான். என் எதிரில் உட்கார்ந்து, தண்ணீர்கூட வேண்டாம் என்றார்.

"நீ சத்தியம் பண்ணிக் குடுத்த. அப்பறம் எம்.எல்.ஏ.வுக்கு என் பேர யாரு சொன்னது?"

மேசைமேல் வெட்டி வைத்த கல்யாண அட்டைகள் ஒரு கட்டு இருந்தன. சிவப்புப் பேனா இருந்தது. நான் அவற்றைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

"எம்.எல்.ஏ.வப் பாக்க தெனம் நெறைய பேரு வராங்கக்கா" என்றேன்.

அது உண்மை.

அவர் காத்திருந்தார். இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. "அன்னிக்கி அங்க அஞ்சலக்காவும் இருந்தாங்க" என்றேன்.

அதுவும் உண்மை.

நர்சம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார், ஏதோ கணக்குச் சரியாக வந்துவிட்ட மாதிரி. அஞ்சலையின் தம்பி அப்போது ஆளுங்கட்சியில் கிளைச் செயலாளர். ஆனால் கட்சி பார்க்காமல், ஊருக்கு வரும் எல்லாரிடமும், எங்கள் எம்.எல்.ஏ. ஆட்களிடமும்கூடப் பேசுகிறவன். "அவ வாயில எதுவும் நிக்காதுன்னு எனக்குத் தெரியும். ஆனா இத சொல்லுவான்னு நெனைக்கல" என்று எழுந்து போனார்.

ஒரு அமைச்சரைப் போலப் பதில் சொல்லியிருந்தேன் நான்.

6

அடுத்த இரண்டு வருஷத்தில் எனக்குக் கல்யாணமாயிற்று. கணவருக்கு இங்கே பால் பொருள் ஆலையில் வேலை. நானும் வந்துவிட்டேன். வந்ததிலிருந்தே படிவங்கள்தான். விசா, வாடகை வீடு, பல வருஷம் கழித்து இனியா பிறந்தபோது பிறப்புப் பதிவு, குழந்தை காப்பகம், எதற்குப் போனாலும் ஒரு படிவம். எல்லாவற்றிலும் ஒரு கட்டம் இருக்கும்: உங்கள் விவரங்களை வேறு யாருக்காவது சொல்லலாமா? ஆம், வேண்டாம். ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டத்தில் என் பேனா நின்றுவிடும். கணவர் கேட்பார், "டிக் பண்ண இவ்வளவு யோசனையா?" என்று. தெரியாது என்பேன். தெரியும்.

பிறகு பழகிவிட்டது. வேலை, ரயில், மழை, மதிய உணவு டப்பா. மனதுக்குள் ஒரு மூலையில் அஞ்சலை கொடுத்த மல்லாட்டைத் தட்டு மட்டும் இருந்தது. அதன் பக்கம் போகாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன்.

இனியாவுக்கு ஐந்து வயதானபோது ஊருக்குப் போனோம். அண்ணனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, ஒரு உறவுக்காரர் வீட்டுக்கு அந்த ஊர் வழியாகப் போனோம். வழி தெரியாமல் அண்ணன் ஒரு கடையில் நிறுத்திக் கேட்டான்.

கடைக்காரர் கையை நீட்டி, "நேரா போயி, காட்டிக்குடுத்தவ வூட்டாண்ட லெப்ட்ல திரும்புபா" என்றார்.

"அது யாரு வூடு?" என்றேன் நான்.

"அஞ்சலன்னு ஒருத்தி. ஆஸ்பத்திரியில கூட்டிக்கினு இருந்தா. நல்ல நர்சம்மா ஒருத்தங்கள மாட்டி விட்டுட்டா. அவங்க போனப்பறம் வந்த நர்சு எதுவும் சேத்துக்கல இவள. ஊர்ல ஒருத்தரும் பிரசவத்துக்குக் கூப்புடறதில்ல" என்றார், பொட்டலம் கட்டிக்கொண்டே.

நாங்கள் அந்த வீட்டருகில் இடது பக்கம் திரும்பினோம். ஓலைக்கூரை. வாசலில் ஒரு அம்மாள் முதுகைக் காட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வண்டிச் சத்தத்துக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நிறுத்து என்று நான் அண்ணனிடம் சொல்லியிருக்கலாம். இனியாவுக்குப் பசிக்கிறது என்று சொன்னேன். ஜல்தியாகப் போ என்றேன்.

ஒன்பது நாளில் விமானம் ஏறிவிட்டோம்.

7

அந்தச் சனிக்கிழமை இனியா எழுதிய வரியை அழித்தேன். அவளை லோசாவிடம் கூட்டிப்போனேன். நடந்ததைச் சொன்னோம். லோசா முதலில் பயந்துபோனார், பிறகு சிரித்து, இனியாவின் கையைத் தடவிக் கொடுத்தார். வண்ணம் அடிப்பதற்காக மூடியிருக்கிறோம் என்று கதவில் எழுதி மாட்டியதை அந்த வாரம் நானே பார்த்திருந்தேன். அதை எழுதி, என் பெயரைப் போட்டு அனுப்பினேன். பெயரை வெளியே சொல்லலாமா என்ற கட்டத்தில் ஆம் என்று குறித்தேன். மாண்புமிகு வார்த்தைகளை இனியா எடுத்துவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம், ஊரில் முற்பகல், அண்ணன் எங்கெங்கோ விசாரித்து வாங்கித் தந்த எண்ணுக்கு அழைத்தேன். நர்சம்மா ஓய்வு பெற்று, கோலியனூர்ப் பக்கம் மகனோடு இருக்கிறார்.

"யாரு?"

"மலர்விழிக்கா. கெடார்ப் பக்கம். திண்டிவனத்துல எம்.எல்.ஏ. ஆபீசுல இருந்தேனே."

"ஓ, கேள்வி எழுதற பொண்ணா! வெளிநாடு போயிட்டதா சொன்னாங்களே. நல்லா கீறியா? எத்தினி பசங்க?" குரலில் சந்தோஷம்தான் இருந்தது. அது என்னை இன்னும் கொன்றது.

ஒரே மூச்சில் சொன்னேன். அட்டை, சிவப்புக் கோடு, கீழே எழுதிய பெயர், ஆபீசில் சொன்ன இரண்டு வரிகள். நடுவில் நிறுத்தினால் முடிக்கமாட்டேன் என்று பயம். சொல்லி முடித்தேன். அவர் வீட்டு மிக்சி ஓடி நின்றது கேட்டது.

"மெமோ, மலை, அதெல்லாம் போவட்டும். கவர்மெண்டு வேலைன்னா வரும். பையனும் படிச்சி ஆளாயிட்டான்" என்றார் மெதுவாக. "மலையேர்ந்து எறங்கி வந்தப்போ அஞ்சல பஸ் ஸ்டாண்டாண்ட நின்னுக்கினு இருந்தா. நர்சம்மா, நான் சொல்லல, என் கொழந்தைங்க மேல சத்தியம்னு அழுதா. நான் மூஞ்ச திருப்பிக்கினு போயிட்டேன். புரியுதா? பதினஞ்சி வருசம் என்கூட நின்னவ. எத்தினி கொழந்தைங்கள அவ கையில வாங்கியிருக்கா தெரியுமா உனக்கு?"

"மன்னிச்சிருங்கக்கா."

"என்கிட்ட ஏன் கேக்கற? என்னா செய்யப் போற, அத சொல்லு."

"அவங்களுக்கு போன் பண்ணி..."

"அவகிட்ட போன் ஏது? லெட்டர் போட்டா படிக்கவும் தெரியாது. அவகிட்ட மட்டும் நைசா சொல்லிட்டா ஊரு வாய் மூடிக்குமா? அன்னிக்கி என் பேர உங்க எம்.எல்.ஏ. எப்படிப் படிச்சாரு? ஊரே கேக்க, மைக்கு வச்சி. பேப்பர்ல கூட வந்துச்சி. இதுவும் அப்படித்தான் வரணும். நீதான் எழுதறவளாச்சே, எழுது. பேப்பர்ல, புஸ்தகத்துல, எதுலயாவது வர வை. வந்தா கொண்டாந்து அவ வூட்டு வாசல்ல நின்னு நானே படிக்கிறேன்."

"சரிக்கா."

"இன்னொண்ணு" என்றார். இப்போது குரலில் லேசாக ஒரு சிரிப்பு இருந்த மாதிரி எனக்குப் பட்டது. இல்லாமலும் இருந்திருக்கலாம். "என் பேர இதுலயும் போட்டுத் தொலைக்காத. ஒருக்கா போட்டது போதும். அவ பேர போடு. நல்லா பெரிசா போடு."

போனை வைத்துவிட்டார். இனியா கதவருகே நின்றுகொண்டிருந்தாள். யார் அஞ்சலை என்று கேட்டாள். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவளுக்குப் புரிகிற தமிழில், புரியாத இடத்தில் ஆங்கிலத்தில், எல்லாவற்றையும் சொன்னேன். நான் ஜெயித்ததாக நினைத்துச் சந்தோஷப்பட்டதையும் சொன்னேன். அவள் என்னைத் தேற்றவில்லை. அஞ்சலையின் வீடு எங்கே இருக்கிறது, போக எத்தனை மணி நேரம் ஆகும் என்று மட்டும் கேட்டாள்.

8

ஆகவே இதை எழுதுகிறேன்.

கெடாருக்கு அப்பால் அந்த ஊரில், துணை சுகாதார நிலையத்தில் பல வருஷம் வேலை செய்தவர் அஞ்சலை. ஏழுமலையின் மனைவி. அவர் நர்சம்மாவைக் காட்டிக்கொடுக்கவில்லை. பதிவேட்டைப் பற்றியோ, அதைக் காட்டியது யார் என்பதைப் பற்றியோ அவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தப் பெயரை எழுதிக் கொடுத்தவள் நான். கேட்டபோது பழியை அஞ்சலையின் பக்கம் தள்ளிவிட்டவளும் நான். என் பெயர் மலர்விழி.

பள்ளிக்கூட விடுமுறை டிசம்பரில்தான் வருகிறது. நானும் இனியாவும் வருகிறோம். இந்த முறை பைக்கை நிறுத்தச் சொல்வேன். அஞ்சலை என்னைத் திட்டலாம், உள்ளே விடாமல் இருக்கலாம், அது அவர் பாடு. ஆனால் நான் வந்து சேரும் நாள்வரை அந்த வீட்டுக்கு அந்தப் பெயர் இருக்கக் கூடாது.

நர்சம்மா படிப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு முன்பே இந்தப் பக்கம் அந்த ஊர்க்காரர்கள் யார் கைக்காவது கிடைத்தால், தயவுசெய்து அஞ்சலையின் வாசலுக்கு எடுத்துப் போங்கள். கடைக்காரரையும் கூப்பிடுங்கள். நாலு பேர் காதில் விழும்படி, நிறுத்தி நிறுத்திப் படியுங்கள்.

இதில் நான் கோடு எதுவும் போடவில்லை. முழுவதையும் படிக்கலாம்.